கறைச் சட்டை

மகள் யாழினியின் டீச்சர் வீடு தேடி வந்து கூப்பிட்டதால்தான், காத்தமுத்து வாழைக்காய் மண்டியிலிருந்து நேராகப் பெற்றோர் வகுப்புக்கு வந்தான். எல்லோரும் சலவைச் சட்டையில் உட்கார்ந்திருந்தார்கள். அவன் சட்டையெல்லாம் வாழைக்கறை. நழுவிவிட நினைத்தபோதுதான் முதல் பெஞ்சுப் பெரியவரைப் பார்த்தான். அவர் சட்டையிலும் அதே கறை!

“வாங்க தம்பி” என்று நகர்ந்து இடம் கொடுத்தார்.

பிள்ளைகள் பேசுவதை எப்படிக் காது கொடுத்துக் கேட்பது என்று டீச்சர் சொல்லச் சொல்ல, காத்தமுத்து தன்னை மறந்து கேட்டான். வகுப்பு முடிந்ததும் பெரியவரின் கையைப் பிடித்துக்கொண்டான்.

“ரொம்ப நன்றிங்கய்யா. நீங்க இல்லேன்னா ஓடியிருப்பேன். பேரப்புள்ள எத்தனாவது படிக்குதுங்க?”

“பேரனா? என் பொண்ணுல்ல இங்க இருக்கு!”

“எந்த கிளாஸுங்க?”

பெரியவர் கரும்பலகையைத் துடைத்துக்கொண்டிருந்த டீச்சரைக் காட்டினார்.

“அது படிக்கறப்ப, இந்தக் கறைக்குக் கூச்சப்பட்டே நான் ஸ்கூல் வாசல மிதிச்சதில்ல. இப்ப தீவாளிக்குத் தீவாளி புதுச்சட்டை எடுத்துக் குடுக்குது. ஆனா இந்த வகுப்புக்கு மட்டும், பழைய மண்டிச் சட்டையப் போட்டுக்கிட்டு முன்னாடி வந்து உக்காரணுமாம்!”