பம்பரில் ஒரு பொட்டு

நார்த்தாமலைப் பாறைகளில் மாலை வெயில் சிவந்து இறங்குகிறது. தகரக் கொட்டகைக்குள் ரிவர்ஸ் கியரில் நிற்கிற கார், பின்னால் ஈ காக்கை இல்லாதபோதும் கீகீயென்று அலறுகிறது. காலையிலிருந்து இதே கத்தல்தான். கேட்டுக் கேட்டுப் பக்கத்துத் தெரு ஆடுகள் இரண்டு பின்பக்கமாகவே நடக்கின்றன. கேமராத் திரையில் வாசல் தெரியவில்லை, செக்கச்செவேலென்று ஒரு மூட்டம்தான். மெக்கானிக் நாகராசு பம்பர் அருகே குந்திப் பார்க்கிறார். "யாருங்க இது, நாலு சென்சாருக்கும் கேமராவுக்கும் சந்தனம் குங்குமம் வச்சது?" ஸ்டீயரிங்கைப் பிடித்து உட்கார்ந்திருந்த திலகவதி இறங்கி வருகிறாள். "எங்க வீட்டுக்காரருதாண்ணே. ஆயுதபூசையன்னிக்கு வச்சாரு, அதுக்கப்பறம் வண்டிய வெளிய எடுக்கவே இல்ல. வட்டமா எதக் கண்டாலும் பொட்டு வச்சிருவாரு." தை மாதம் அவர் இறந்தபின் இன்றுதான் வண்டியை எடுக்கிறாள். காய்ந்த சந்தனத்தில் அவருடைய கட்டைவிரலின் ரேகை அப்படியே இருக்கிறது. நாகராசு ஈரத்துணியை அவளிடமே நீட்டுகிறார். அவள் மெதுவாகத் துடைக்கிறாள். கேமராவைத் துடைத்ததும் திரையில் வாசலும் வேப்பமரமும் வந்து நிற்கின்றன. மூன்று சென்சார் முடிந்து, கடைசிப் பொட்டுக்கு முன்னால் துணி நின்றுவிடுகிறது. "இது ஒண்ணு இருக்கட்டும்ணே." "அப்பறம் அது கத்திக்கிட்டே இருக்குமேங்க?" அவள் துணியை மடித்து அவர் கையில் கொடுக்கிறாள். "கத்தட்டும். நான் ரிவர்ஸ் எடுத்தா அவரும் இப்புடித்தான் கத்துவாரு."