இரண்டு கோப்பில் ஒரு கண்ணம்மாள்

ஏற்காடு பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, மலர் வேலை பார்க்கும் ஜெராக்ஸ் கடைக்குள் மூடுபனி பாதி நுழைந்து நிற்கிறது. கம்ப்யூட்டர் திரையில் இரண்டு குடும்ப மரங்கள் பக்கம் பக்கமாகத் திறந்திருக்கின்றன. ஒன்று செம்மநத்தம் சிவக்குமார் வீட்டுடையது, மற்றது மஞ்சக்குட்டையில் இருக்கும் மலர் வீட்டுடையது. இரண்டும் பங்காளி வீடு என்று பெரியவர்கள் சொல்கிறார்கள். அப்படியானால் அவள் அவனை அண்ணன் என்றுதான் கூப்பிட வேண்டும். அதற்கு வாய் வராமல் இத்தனை நாளும் 'ஏனுங்க' என்றே ஓட்டுகிறாள். உரித்த ஆரஞ்சைத் தின்ன மறந்து அவள் நாற்காலிக்குப் பின்னால் நிற்கிறான் அவன். கோப்புகளை இணைக்கச் சொல்லி அவள் அழுத்தியதும் திரை கேட்கிறது: இரண்டிலும் கண்ணம்மாள் இருக்கிறார், இருவரும் ஒருவர்தானா?

"எங்க பூட்டனோட தங்கச்சிங்க அது. மஞ்சக்குட்டைக்குக் கட்டிக் குடுத்தாங்களாம்" என்கிறான் சிவக்குமார்.

"இது எங்க பூட்டிங்க. பொறந்தது செம்மநத்தம், அண்ணன் பேரு சின்னன்."

"எங்க பூட்டன் பேரு சின்னந்தானுங்க!" அவன் குரல் சட்டென்று இறங்குகிறது. "பங்காளி ஊடுன்னா பொண்ணு குடுத்திருப்பாங்களா?"

வெளியே பஸ் ஹாரன் அடிக்கிறது. மலர் 'ஆம்' என்பதை அழுத்துகிறாள். இரண்டு கண்ணம்மாளும் நகர்ந்து வந்து ஒரே பெட்டிக்குள் அடங்க, ஒரு மரத்தின் ஒரு கிளை நுனியில் அவன் பெயர், இன்னொரு கிளை நுனியில் அவள் பெயர். திரையை விட்டுக் கண்ணை எடுக்காமலே, வளையல் குலுங்கக் கையைப் பின்னால் நீட்டுகிறாள்.

"நொம்ப நேரமா வெச்சுக்கிட்டே நிக்கறீங்களே, எனக்கொரு சுளை குடுங்க, மாமா."