முதல் மிடறு

"இந்த ஆள் இன்னைக்குத் திருவிருந்துல சேர்ந்தா, நான் எழுந்து வெளியே போயிடுவேன், ஐயா. அப்புறம் என்னைக் குறை சொல்லக் கூடாது."

சபைச் செயலரின் குரலில் ஆலயத்தின் உடை மாற்றும் அறையே அதிர்ந்தது. அவருக்குச் 'சபையின் தூண்' என்று ஒரு பெயர் உண்டு. சூட்டிக்கொண்டவர் அவரேதான். தாம் சற்றே நகர்ந்தாலும் கூரை பெயர்ந்து சபையார் தலையில் விழுந்துவிடும் என்பது அவருடைய அசையாத விசுவாசம். ஆகையால் எவருக்கும் அவர் வழிவிட்டு நகர்ந்ததே இல்லை.

அங்கியின் பொத்தான்களை மாட்டிக்கொண்டிருந்த போதகர் திரும்பினார். "அவர்தான் குடியை விட்டுட்டாரே?"

"விட்டவன் மறுபடி பிடிக்க எவ்வளவு நேரம் ஆகும்?"

பேச்சுக்கு உரியவர் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார். ஒரு காலத்தில் சபையின் வேனை ஓட்டியவர். ஒரு ஞாயிறு காலை, உள்ளே பாடகர் குழு இருக்க, போதையில் அதை ஆலயத்து மதில்மேல் மோதிவிட்டார். ஆண்டவர் அருளால் ஒருவருக்கும் காயமில்லை. தூணின் மனைவியுடைய மூக்குக்கண்ணாடி மட்டும் உடைந்தது. அதுவே மன்னிக்க முடியாத பாவமாயிற்று. அன்றோடு ஓட்டுநருக்கு வேலை போனது. மனைவி பிறந்த வீட்டுக்குப் போனாள்.

"கடைசி ஆளா வந்து முழங்கால் போடுறேன், ஐயா" என்றார் ஓட்டுநர். "எனக்கும் பயமாத்தான் இருக்கு. திராட்சை ரசம் நாக்குல பட்டா பழைய புத்தி வந்துடுமோன்னு. அப்பம் மட்டும் குடுங்க. ஆனா... அப்பம் மட்டும்னா பாதி மன்னிச்ச மாதிரி ஆயிடுமோ?"

"பாதியா? உனக்கு அதுவே அதிகம்!" என்றார் தூண்.

கிண்ணத்தில் ரசத்தை ஊற்றிக்கொண்டிருந்த போதகரின் மனைவிக்குப் பொறுக்கவில்லை.

"பயப்படாதீங்க, தம்பி. இதுல போதையே கிடையாது. புளிக்க விடாம நானே கொதிக்கவெச்சு எடுத்த திராட்சைச் சாறு."

தூண் ஆடிப்போனார். "சாறா? எப்போலேர்ந்து?"

"நாங்க இந்தச் சபைக்கு வந்த நாள்லேர்ந்து."

"இருக்கவே முடியாது!"

தூண் அவ்வளவு உறுதியாகச் சொன்னதற்குக் காரணம் இருந்தது. திருவிருந்தில் மீந்த ரசத்தைக் கீழே கொட்டக் கூடாது. யாராவது குடித்துத் தீர்க்க வேண்டும். அந்தப் பெரும் பாரத்தைப் பிறர் தோளில் ஏற்ற மனமில்லாமல், ஆண்டுக்கணக்காகத் தாமே சுமந்து வருபவர் அவர். மீதி குறையாமல் இருக்கும்படி, கிண்ணத்தைத் தாராளமாக நிரப்பச் சொல்பவரும் அவரே.

"அதைக் குடிச்சுட்டு வீட்டுக்குப் போறப்போ ஒவ்வொரு தடவையும் எனக்குக் கால் தள்ளாடுதே!"

"அது வயசு, அண்ணா."

ஓட்டுநர் சிரிப்பை அடக்கத் தரையைப் பார்த்தார். தூணின் காது மடல்கள் சிவந்தன. வெட்கப்பட வேண்டிய இடத்தில் கோபப்படுவது அவருக்குக் கைவந்த கலை.

"அப்போ இத்தனை வருஷமா சபையையே ஏமாத்தியிருக்கீங்க! யாருக்காக? எந்தக் குடிகாரனுக்காக? ஆளைச் சொல்லுங்க. இன்னைக்குச் சாயங்காலத்துக்குள்ள அவனை இந்த வளாகத்தை விட்டே துரத்தலேன்னா பாருங்க!"

சாறு சிந்தியது. போதகரின் மனைவி கணவரைப் பார்த்து, வேண்டாம் என்பதுபோல் தலையசைத்தார். தூண் சொன்னதைச் செய்யக்கூடியவர். இதற்கு முன்பும் இரண்டு போதகர்களின் பெட்டி படுக்கையை இதே வளாகத்திலிருந்து ஏற்றி அனுப்பியவர்தான்.

"என்னால எதுக்குச் சண்டை? நான் வரேன், ஐயா" என்று ஓட்டுநர் வெளியே திரும்பினார்.

"தம்பி, நில்லுங்க."

போதகர் தூணின் பக்கம் திரும்பவே இல்லை. ஓட்டுநரின் தோளில் கை வைத்தார்.

"திருவிருந்துல முதல் மிடறு குடிக்கிறது யாரு? அதை நடத்துறவன்தானே? பெத்த தாயை அடக்கம் பண்ணின அன்னைக்குக் கல்லறை வரைக்கும்கூட நடக்க முடியாம, குடிச்சுட்டு ரோட்டுல கிடந்தான் ஒருத்தன். அவனைத் தூக்கி நிறுத்தி, ஆண்டவர் இந்த அங்கியையும் மாட்டிவிட்டார். ஒரு சொட்டு பட்டாலும் மறுபடி விழுந்துடுவான்னு இந்த அம்மாதான் அன்னையிலேர்ந்து சாறு காய்ச்சுறாங்க. உள்ளே வாங்க, தம்பி. எனக்குக் கிடைச்ச கிருபை உங்க முறை வர்றப்போ மட்டும் தீர்ந்தா போயிடும்?"