ஆம்ப்ளிஃபயர் அறைச் சாவி

“இன்னைக்கும் ரிப்பேரா?”

வைஷாலி கேட்டது வராந்தாவின் அந்தக் கோடி வரைக்கும் கேட்டது.

“இன்னைக்கும்தான்,” என்றாள் ஜெபா. சாவி அவள் கையில்தான் இருந்தது. கொடுக்கவில்லை.

மாமல்லபுரம் தாண்டிக் கடலோரமாக இருக்கிற ஆராய்ச்சி நிலையம் அது. அங்கே இருக்கிற ஒரே ஹை வோல்டேஜ் ஆம்ப்ளிஃபயருக்கு ஜெபாதான் பொறுப்பு. சின்ன சிக்னலைப் பல ஆயிரம் வோல்ட்டாக ஏற்றிக் கொடுக்கிற மெஷின், கம்பிக் கூண்டுக்குள் இருப்பது. அதற்காக ஆராய்ச்சி மாணவர்கள் மாதக்கணக்கில் வரிசையில் நிற்பார்கள். இந்த வாரம் வைஷாலியின் முறை. திங்கட்கிழமை வேலை நடந்ததோடு சரி. செவ்வாய்க்கிழமையிலிருந்து அறைக்குப் பூட்டு.

“அப்படி என்னதான் கோளாறு?”

“கதவு சுவிட்ச். கூண்டுக் கதவைத் திறந்தா கரன்ட் தானா கட்டாகணும். ஆக மாட்டேங்குது. உப்புக் காத்துல துரு ஏறியிருக்கும்.”

“நான் கதவையே திறக்காம வேலை பாக்கறேன். போதுமா?”

“முடியாதுங்க.”

“ஒரு சுவிட்ச் மாத்த இவ்வளவு நாளா?”

“ஆளு வரணும்.”

“எங்கேருந்து, ஜெர்மனியிலேருந்தா?”

“மறைமலைநகர்லேருந்து.”

வைஷாலிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நேராகத் துறைத்தலைவர் ஜானகிராமனிடம் போய் நின்றாள். அவர் ஏதோ மீட்டிங்குக்குக் கிளம்பிக்கொண்டிருந்தவர், அதை விட்டுவிட்டு எரிச்சலோடு எழுந்து வந்தார். வரும்போதே ஆரம்பித்துவிட்டார்.

“என்ன ஜெபா இது? மெஷினைப் பாத்துக்கத்தான் உங்களைப் போட்டிருக்கு. பூட்டி வைக்கறதுக்கு வாட்ச்மேன் போதுமே.”

பக்கத்து அறைகளிலிருந்து தலைகள் எட்டிப் பார்த்தன. ஜெபா தரையைப் பார்த்தாள்.

“சாவியைக் குடுங்க. நானே பாத்துடறேன். வைஷாலி, நீ இப்படி பெஞ்சுல உக்காரும்மா.”

உள்ளே போய் மெஷினைப் போட்டார். சிவப்பு விளக்கு எரிந்தது. மீட்டர் முள் ஏறியது. கம்பிக் கூண்டின் கதவைத் திறந்தார். பட்டென்று விளக்கு அணைந்தது. மூடி, மறுபடி போட்டு, மறுபடி திறந்தார். அப்போதும் அணைந்தது.

ஜெபா பின்னாலேயே வந்து ரப்பர் கையுறையை மாட்டினாள். மூலையில் இருந்த எர்த் கம்பியை எடுத்து, கூண்டுக்குள் இருந்த முனையில் தொட்டு வைத்தாள். ‘டிக்’கென்று பொறி பறந்தது.

“சுவிட்ச் நல்லாத்தான் இருக்கு,” என்றார் ஜானகிராமன்.

“தெரியும் சார்.”

“தெரியுமா? அப்ப இத்தனை நாளா சொன்னது பொய்யா?”

“ஆமா சார்.”

ஜானகிராமன் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

“கூசாம ஆமாங்கறீங்க. நான் என்னதான் பண்றது? மெமோதான் குடுக்கணும்.”

“குடுங்க சார். இந்த வாரம் முடிஞ்சப்புறம் குடுங்க.”

“அது என்ன கணக்கு?”

ஜெபா கதவுப் பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

“இப்ப பொறி வந்துச்சே, பாத்தீங்கல்ல? ஆஃப் பண்ணாலும் உள்ள சார்ஜ் அப்படியே கீது. திங்கக்கிழமை அந்தப் பொண்ணு ஆஃப் பண்ணிட்டு, கம்பிய வைக்காமயே கைய நீட்டிடுச்சு. நான் தோளப் புடிச்சு இழுத்தேன். எதுக்கு இழுத்தீங்கன்னு கேக்குது. கண்ணத் தொறந்துகினே தூங்குது சார்.”

“ஏன், உடம்பு கிடம்பு சரியில்லையா?”

“அவங்கப்பாவுக்குப் பக்கவாதம். செங்கல்பட்டு ஜி.எச்.ல கீறாரு. ராத்திரி பூரா வார்டு வாசல்ல உக்காந்துட்டு, காலையில பஸ் புடிச்சு இங்க வருது. எங்க அக்கா அங்க நர்ஸு. அது சொல்லித்தான் எனக்கே தெரியும். இந்தப் பொண்ணு யார்கிட்டயும் வாயே தொறக்கல.”

“என்கிட்ட சொல்லி லீவு எடுக்க வேண்டியதுதானே?”

“ஆளு வரலன்னா முறை அடுத்தவங்களுக்குப் போயிடும். நீங்க போட்ட ரூல்தான் சார். மறுபடி முறை வர்றதுக்குள்ள அதோட ஃபெல்லோஷிப் முடிஞ்சிடும். மெஷின் ரிப்பேர்னா மட்டும்தான் அதே ஆளுக்கு அடுத்த வாரம் கெடைக்கும்.”

ஜானகிராமன் சுவரில் ஒட்டியிருந்த முறைப் பட்டியலைப் பார்த்தார்.

“வெள்ளிக்கிழமை அவங்கப்பாவ வூட்டுக்கு அனுப்பறாங்க. ரெண்டு ராத்திரி நல்லாத் தூங்கிட்டு வந்துச்சுன்னா, நானே சாவியக் கையில குடுத்துடுவேன்.”

“இதையெல்லாம் அவகிட்டயே சொல்லியிருக்கலாமே.”

“நான் நல்லாத்தானே இருக்கேன்னு சொல்லிச் சாவியப் புடுங்கிகினு போயிருக்கும் சார்.”

ஜானகிராமன் எழுந்தார். மெயினை அணைத்தார். அறையைப் பூட்டிச் சாவியை ஜெபாவிடமே கொடுத்தார்.

வெளியே பெஞ்சில், மடியில் பையைக் கட்டிக்கொண்டு, சுவரில் தலை சாய்த்தபடி வைஷாலி தூங்கிக்கொண்டிருந்தாள். அவர் செருமியதும் பதறி எழுந்தாள்.

“சார், நான் சொன்னேன்ல? மெஷின் நல்லாத்தானே இருக்கு?”

பக்கத்து அறைகளிலிருந்து மறுபடியும் தலைகள் எட்டிப் பார்த்தன.

“நல்லாத்தாம்மா இருந்துச்சு,” என்றார் ஜானகிராமன், எல்லோருக்கும் கேட்கிற மாதிரி. “நான்தான் அவசரப்பட்டுப் போட்டுக் கெடுத்துட்டேன். நீ அடுத்த வாரம் வா.”