சகலைக்குச் சொன்ன வழி

மூத்த மாப்பிள்ளைக்கு வயிறு எரிந்தது. அவர் தன் காருக்குப் புது சைலன்சர் போட்ட அதே மெக்கானிக்கிடம், அதே வாரம், இளைய மாப்பிள்ளையும் தன் ஓட்டைக் காருக்குப் போட்டுக்கொண்டு வந்துவிட்டான். மாமியார் வாயைத் திறந்தால் அவன் புராணம்தான்.

புகைப் பரிசோதனைக்கு இன்று கடைசி நாள். ஒன்பது மணிக்குக் கேட்டைச் சாத்திவிட்டுத்தான் சோதனையை ஆரம்பிப்பார்கள். ஏழு மணிக்கே வந்து, வண்டியை அணைத்துவிட்டு முதல் ஆளாகக் காத்திருந்தவருக்கு எட்டேகால் மணிக்கு போன் வந்தது.

“சகலை, எந்தப் பக்கமா வரணும்?”

“நேர் ரோட்டை அடைச்சிருக்காங்க. பாலத்தைச் சுத்தி வாங்க” என்று கூசாமல் புளுகினார். முக்கால் மணி நேரச் சுற்று. வந்த மாதிரிதான்!

ஆனால் கேட்டைச் சாத்தப் போகும்போது அவன் கார் பாய்ந்து உள்ளே நுழைந்தது.

மூத்தவர் கார் பெயில். இளையவன் கார் பாஸ்.

“ஒரே மெக்கானிக், ஒரே சைலன்சர்! இது எப்படி சார்?” என்று குதித்தார் மூத்தவர்.

“சைலன்சருக்குள்ள இருக்கிற வடிகட்டி நல்லா சூடேறினாத்தான் புகை குறையும். உங்க வண்டி ரெண்டு மணி நேரமா ஆறிக் கிடக்கு. அவர் ஊரையே சுத்திட்டு வந்திருக்கார்” என்றார் அதிகாரி.

இளையவன் ஓடி வந்து மூத்தவர் கையைப் பிடித்துக்கொண்டான். கண் கலங்கியிருந்தது.

“இதுக்காகத்தான் என்னை வேணும்னே சுத்த விட்டீங்களா, சகலை?”

மூத்தவர் அவன் முதுகில் தட்டிக்கொடுத்தார்.

“ஆமா... வேணும்னேதான்.”