வட்ட ஜன்னல் அறை

"மாடியில வட்ட ஜன்னல் வச்ச ரூம் ஒண்ணு இருக்குமே, அதைக் குடுங்க" என்றான் மகன்.

மேனேஜர் மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். தலை முழுக்க வெளுத்திருந்தாலும் சட்டை மட்டும் மடிப்புக் கலையாமல் இருந்தது. "அப்படி ஒரு ரூம் வாடகைக்கே இல்லையே தம்பி. யாரோ தப்பாச் சொல்லியிருக்காங்க."

"யாரும் சொல்லலைங்க. நானே இருந்த ரூம். சின்னப் பையனா இருந்தப்போ ஒவ்வொரு கோடை லீவுக்கும் ரெண்டு மாசம் இங்கதான். பதினோரு வருஷம்."

அவன் மனைவி பெட்டியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். "கல்யாணமான நாள்லேர்ந்து இந்த ஏரிக் கதையைக் கேட்டுக் கேட்டு என் காது புளிச்சுப் போச்சு சார். எங்க வீட்டுல நாலு பேர் சம்பாதிச்சும் லீவுக்குப் பக்கத்து ஊரைத் தாண்டினதில்லை. இவங்க அம்மா ஒத்தை ஆளா இவரை வளர்த்துட்டு, ரெண்டு மாசம் ஏரிக்கரை லாட்ஜ்ல. எப்படித்தான் சமாளிச்சீங்க அத்தை?"

அத்தை உள்ளே நுழைந்ததிலிருந்து வாசல் தூணை ஒட்டியே நின்றிருந்தாள். "வேற எங்கயாவது போகலாம்ப்பா. ஏரிக்கு அந்தப் பக்கம் புதுசு புதுசா எவ்வளவோ இருக்கு."

"அதெல்லாம் அடுத்த வருஷமும் இருக்கும்மா. இதை அடுத்த மாசம் இடிக்கப் போறாங்க. இப்ப விட்டா எப்பவும் கிடையாது."

பையன் மனசில் அந்தக் கோடைகள் எல்லாம் ஒரு சேதாரமும் இல்லாமல் பத்திரமாக இருந்தன. இத்தனை வருஷம் அவற்றை அப்படியே காப்பாற்றியாயிற்று. கடைசியில் இந்த மேஜைக்கு முன்னால், அதுவும் மருமகள் பார்த்துக்கொண்டிருக்கும்போது, எல்லாம் உடைந்துவிடுமோ என்று அம்மா பயந்தாள்.

மகன் பாட்டுக்கு அடுக்கிக்கொண்டே போனான். "அந்த ரூமுக்குன்னு ஒரு வாசனை உண்டு. வெயில்ல காஞ்ச துணி வாசனை. ஜன்னல்ல மூக்கை வச்சா முழு ஏரியும் தெரியும். சாயங்காலம் படகுத்துறையில மீனவங்க மேளம் தட்டிப் பாடுறது அங்கிருந்தே கேக்கும். விடியறதுக்கு முன்னாடி அம்மா என்னை மணலுக்குக் கூட்டிட்டுப் போவாங்க. ஒரு ஈ காக்கா இருக்காது, மொத்தக் கரையும் எனக்கே எனக்கு. அம்மாவுக்கு நடைதான் பைத்தியம். காலையில ஏரியைச் சுத்தி நடக்கப் போறேன்னு போனா சாயங்காலம்தான் வருவாங்க."

"அந்தப் பாதையில அப்படி என்ன அத்தை இருக்கு?"

அம்மா கொஞ்சம் யோசித்தாள். "மரம்தாம்மா. மரம் நிறைய இருக்கும்."

"பதினோரு வருஷம் நடந்து மரம் இருக்குன்னு கண்டுபிடிச்சீங்களா?" மருமகள் விடுவதாயில்லை.

"சிலை ஆட்டத்தைச் சொல்ல மறந்துட்டேனே" என்றான் மகன். "கீழே மணி மூணு தடவை அடிச்சா நான் சிலையாயிடணும். மூச்சு விடுற சத்தம்கூடக் கேக்கக் கூடாது. ஜெயிச்சா சாயங்காலம் பிஸ்கட். இதே மணிதான்னு நினைக்கிறேன்." மேஜை மேல் இருந்த பித்தளை மணியை எட்டி மூன்று முறை தட்டினான்.

மேனேஜரின் கை பேனாவோடு அப்படியே நின்றது. அவனைப் பார்த்தார். பிறகு அவனைத் தாண்டி, தூணருகே நின்றவளைப் பார்த்தார். நன்றாகவே பார்த்தார். அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தாள்.

"ஆமா தம்பி, இப்ப ஞாபகம் வருது" என்றார் மேனேஜர் மெதுவாக. "வட்ட ஜன்னல் ரூம் ஒண்ணு இருந்துச்சு. நல்ல ரூம். போன மழையில ஒழுகுதுன்னு பூட்டி வச்சிருக்கோம். முதல் மாடியில ஏரியைப் பார்த்தாப்பல பெரிய ரூம் தரேன். அம்மாவுக்கு வசதியா இருக்கும்."

அம்மாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அந்த மனுஷனைக் கையெடுத்துக் கும்பிட வேண்டும் போலிருந்தது.

மேனேஜர் பதிவேட்டைத் திருப்பி வைத்தார். மகன் பெயர், முகவரி எல்லாவற்றையும் மளமளவென்று எழுதினான். 'இதற்கு முன் இங்கே தங்கியதுண்டா?' என்ற கட்டம் வந்ததும் பரீட்சை எழுதுகிற மாதிரி நிதானமானான். எழுதி முடித்து, பதிவேட்டை மேனேஜரிடம் தராமல் தூணருகே கொண்டுபோய் நீட்டினான். அம்மா கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு படித்தாள்.

'நான்: பதினோரு கோடை, மாடித் துணி அறையில், யாருக்கும் தெரியாமல். அம்மா: இல்லை. அத்தனை கோடையும் கீழே இந்த லாட்ஜின் படுக்கை விரிப்புகளைத் துவைத்துக்கொண்டிருந்தார். விருந்தாளியாக வருவது இதுதான் முதல் தடவை.'

எழுத்துகள் கலங்கித் தெரிந்தன. "உனக்கு எப்படா தெரியும்?"

"ரெண்டாவது வருஷமேம்மா. அந்த ஜன்னல்லேர்ந்து ஏரி மட்டுமா தெரிஞ்சுது, துவைக்கிற கல்லும்தான் தெரிஞ்சுது."

பதிவேட்டை வாங்கிப் படித்த மேனேஜர், பேனாவை எடுத்து 'யாருக்கும் தெரியாமல்' என்பதை மட்டும் ஒரு கோடு போட்டு அடித்தார்.

"முதலாளியோட கார் வாசலுக்கு வர்றப்பல்லாம் மூணு தடவை மணியடிச்சது யாருன்னு நினைச்சீங்க தம்பி?"