சூறாவளி தோற்க வேண்டும்

மல்யுத்தக் கதைகளின் முடிவை இப்போது போட்டி நடத்தும் நிறுவனம் எழுதுவதில்லை. யார் ஜெயிப்பது என்று ரசிகர்கள் வாக்களிப்பார்கள். வீரர்கள் அதை அப்படியே நடித்துக் கொடுப்பார்கள். பட்டம் வைத்திருப்பவர் தோற்றால்தான் ஓய்வு பெறலாம். காசிமேட்டுச் ‘சூறாவளி’ சவரிமுத்துவைப் பாசக்கார ரசிகர்கள் தோற்கவே விடவில்லை. அவர் நொண்டியதையும் கதை என்றே நினைத்தார்கள்.

அவர் மனைவி எமல்டா ரசிகர் குழுவின் நேரலையில் நுழைந்தாள்.

"அண்ணிக்கும் வசனம் குடுத்துட்டாங்கப்பா! இப்ப அழுவாங்க பாரு," என்றான் ஒருவன்.

"அழமாட்டேன் தம்பி. முட்டி நெஜமாவே போயிடுச்சு. மாடிப்படிய உக்காந்து உக்காந்துதான் எறங்குறாரு. பாசம் இருந்தா அவர தோக்க விடுங்க."

அவர் யாரிடம் தோற்கலாம் என்று ரசிகர்கள் பேசத் தொடங்கினார்கள்.

"துரைக்கண்ணுகிட்ட தோக்கட்டும்."

"அந்தத் துரோகிகிட்டயா?"

"கதையிலதான்டா துரோகி. அவன் தூக்கிப் போட்டு யாருக்காவது ஒரு கீறல் விழுந்திருக்கா? அண்ணன பதமா படுக்க வைப்பான்."

வாக்குகள் குவிந்தன.

ஞாயிறன்று துரைக்கண்ணு சவரிமுத்துவின் முட்டியைத் தன் கையால் தாங்கியபடியே அவரை மல்லாத்தினான். நடுவர் எண்ணி முடித்ததும் அரங்கமே எழுந்து கைதட்டியது. தோற்றவர் சிரிக்கக் கூடாது என்பது தொழில் விதி. சவரிமுத்துவால் அடக்க முடியவில்லை; நடுவர் அவசரமாகத் துண்டால் அவர் முகத்தை மூடினார்.